டோக்கியோவிலிருந்து விடியும் ரயில்: சன்ரைஸ் செட்டோ, சன்ரைஸ் இஸுமோவில் அறை பிடித்துப் போய் வர முழுமையான வழிகாட்டி

இரவு 9.50க்கு டோக்கியோ நிலையத்திலிருந்து பழுப்பும் சிவப்புமாக ஒரு நீளமான ரயில் கிளம்பும். 14 பெட்டிகள். காலை 6.27க்கு ஒகயாமா வந்ததும் அது நடுவில் பிரிந்து இரண்டு ரயிலாகிவிடும். முன்பாதியின் பெயர் சன்ரைஸ் செட்டோ, கடலின் மேல் பாலத்தைக் கடந்து ஷிக்கோக்கு தீவில் இருக்கும் தகமட்சுவுக்குப் போகும். பின்பாதி சன்ரைஸ் இஸுமோ, மலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜப்பான் கடல் பக்கம் இருக்கும் இஸுமோஷிக்குப் போகும். ஜப்பானில் அன்றாட அட்டவணைப்படி ஓடும் படுக்கை ரயில் என்று இன்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

நான் இதில் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் வேறு வேறு அறை. இந்தப் பயணத்தில் கஷ்டமான வேலை எல்லாம் ரயிலில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, அதாவது டிக்கெட், சாப்பாடு, குளியல் மூன்றையும் சரியாகத் திட்டமிட்டுவிட்டால் அதன்பிறகு ஜன்னலைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ரயில் கிளம்புவதற்கு முந்தைய விஷயங்கள்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஜப்பானில் சொகுசு இரவு ரயில் என்று தேடினால் வேறு மூன்று பெயர்கள் முன்னால் வரும். கியூஷுவில் 2013 அக்டோபரில் ஓட ஆரம்பித்த செவன் ஸ்டார்ஸ், 2017 மே 1 அன்று டோக்கியோவின் உயெனோ நிலையத்திலிருந்து தொடங்கிய ஷிக்கி-ஷிமா, அதே ஆண்டு ஜூனில் மேற்கு ஜப்பானில் தொடங்கிய ட்வைலைட் எக்ஸ்பிரஸ் மிஸுகாஸே. இவை ஓடும் மாளிகைகள். செவன் ஸ்டார்ஸை 2022இல் புதுப்பித்தபோது அறைகளைப் பதினான்கிலிருந்து பத்தாகக் குறைத்துவிட்டார்கள், மொத்தமே 20 பயணிகள்தான். அதன் கை கழுவும் பீங்கான் தொட்டிகளைச் செய்தவர் அரிட்டா பீங்கான் மரபின் பதினான்காம் ககியெமோன், ரயில் ஓடத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு அவர் காலமானார். ஷிக்கி-ஷிமாவில் 17 அறை, 34 பேர். அதன் மிகப் பெரிய அறையில் மாடிப்படியும் ஹினோக்கி மரத்தில் செய்த குளியல் தொட்டியும் உண்டு. மிஸுகாஸேவில் ஒரு முழுப் பெட்டியே ஒரே அறை.

இவற்றில் போக ஆசையிருந்தால் வழிமுறை முற்றிலும் வேறு. டிக்கெட் கவுன்ட்டரில் கிடைக்காது. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் திறப்பார்கள், இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். கட்டணம் ஒருவருக்கே பல லட்சம் யென், செவன் ஸ்டார்ஸின் மூன்று இரவுப் பயணம் பத்து லட்சம் யென்னைத் தாண்டும். இரவு உணவுக்குக் கோட்டு சூட்டு அளவுக்கு உடுத்த வேண்டும். நாடு சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்கும் உல்லாசக் கப்பல் மாதிரிதான் இவை, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக இவற்றைப் பயன்படுத்த முடியாது. ஆசை இருப்பவர்கள் அந்தந்த ரயில்வே நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பக் காலம் எப்போது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லோருக்கும், பூட்டிய தனி அறையில் வெள்ளை விரிப்பில் படுத்து ஜப்பானை இரவோடு கடக்க, சன்ரைஸ்தான் வழி.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. 1958இல் அசகாஸே என்ற ரயிலோடு ஆரம்பித்த நீல நிற ரயில்கள் நாடு முழுக்க இரவில் ஓடின. 1988இல் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போகும் கடலடி செய்க்கான் சுரங்கம் திறந்ததும் டோக்கியோவிலிருந்து சப்போரோ வரை ஹொக்குதோசெய், அடுத்த ஆண்டு ஒசாகாவிலிருந்து ட்வைலைட் எக்ஸ்பிரஸ், 1999இல் எல்லாமே இருவர் அறையாகக் கசியோபியா என்று வரிசையாக வந்தன. 2016இல் அதே சுரங்கத்தில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓட ஆரம்பித்தது, சுரங்கத்தின் மின்சார அமைப்பே அதற்கேற்ப மாறியது, அதற்குள் பழைய ரயில்களுக்கும் வயதாகிவிட்டது. ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். சன்ரைஸ் தப்பியதற்குக் காரணம் அது இன்ஜின் இழுக்கும் ரயில் இல்லை, 1998 ஜூலையில் புதிதாகச் செய்து விட்ட மின்தொடர் ரயில், அதாவது பெட்டிகளிலேயே மோட்டார் பொருத்திய ரயில். மணிக்கு 130 கிலோமீட்டர் வரை ஓடும். உள்ளே மர நிற அறைகளை வடிவமைத்ததில் மிசாவா ஹோம் என்ற வீடு கட்டும் நிறுவனத்துக்கும் பங்குண்டு. ஏறியவுடன் அது தெரியும், ரயில் வாசனை இல்லாமல் ஒரு சின்ன வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

படி 1: செட்டோவா, இஸுமோவா?

நேரம் குறைவு, விடிகாலைக் கடல் பார்க்க வேண்டும் என்றால் செட்டோ. 7 மணியை ஒட்டி செட்டோ பெரும்பாலத்தைக் கடக்கும். 1988இல் திறந்த பாலம், மேலே கார்கள், கீழ்த் தளத்தில் ரயில். இரு பக்கமும் சின்னச் சின்னத் தீவுகள், நடுவே மீன்பிடிப் படகுகள், குளிர்காலமாக இருந்தால் சூரியன் அப்போதுதான் எழும்பும். 7.27க்குத் தகமட்சு. சில நாட்களில் இந்த ரயிலைக் கொத்தோஹிரா வரை நீட்டுவார்கள், 785 படி ஏறும் கொன்பிரா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது வசதி.

ரயிலிலேயே அதிக நேரம் இருக்க வேண்டும் என்றால் இஸுமோ. டோக்கியோவிலிருந்து 953.6 கிலோமீட்டர், 12 மணி நேரம், இஸுமோஷி சேர காலை பத்தாகிவிடும். முதல் தடவை போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் சாய்ந்தபடி மலையும் ஆறும் ஏரியும் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் ஜப்பானின் தெய்வங்கள் எல்லாம் இஸுமோவில் கூடுவதாக நம்பிக்கை, மற்ற ஊர்களில் தெய்வமில்லா மாதம் என்றும் இஸுமோவில் மட்டும் தெய்வங்கள் இருக்கும் மாதம் என்றும் சொல்வார்கள். இது பெரும்பாலும் நவம்பரை ஒட்டி வரும். அந்த நாட்களிலும், ஏப்ரல் கடைசி - மே முதல் வார விடுமுறையிலும், ஆகஸ்ட் நடுவிலும், புத்தாண்டுக்கும் அறை கிடைப்பது மிகவும் கடினம். நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் செவ்வாய், புதன் இரவு பாருங்கள்.

படி 2: அறையைத் தேர்ந்தெடுப்பது

ஏழு பெட்டிக்கு 158 இடம். அதில் 80 இடம் சிங்கிள் என்ற வகை. ஒருவர் படுக்கும் கட்டில், சின்ன மேசைத் தட்டு, மின் இணைப்பு, கதவில் நான்கு இலக்க எண் பூட்டு. மேல் தளம், கீழ்த் தளம் என்று இரண்டாக இருக்கும், கேட்கும்போது மேல் தளம் என்றே கேளுங்கள், ஜப்பானிய மொழியில் "நிகாய்". மேல் தள ஜன்னல் கூரைவரை வளைந்து ஏறும், விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தால் நட்சத்திரம் தெரியும். கீழ்த் தளத்தில் ஆட்டம் கொஞ்சம் குறைவு, ஆனால் நிலையத்தில் நிற்கும்போது பிளாட்பாரம் கண் மட்டத்தில் இருக்கும், ஷூக்கள்தான் நடந்து போகும். என் முதல் பயணம் கீழ்த் தளத்தில். யோகோஹாமாவில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற கூட்டத்தின் கால்கள் ஜன்னலிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தன, நான் இரவு உடையில் திரையை இழுக்க ஓடினேன்.

சோலோ அதைவிடச் சின்னது, 20 அறை. எழுந்து நிற்க இடம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டி கொண்டுபோனால் அதோடுதான் கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும். மின் இணைப்பும் எதிர்பார்க்காதீர்கள், பவர் பேங்க் வேண்டும்.

இருவராகப் போனால் சன்ரைஸ் ட்வின், அருகருகே இரண்டு கட்டில், ஆனால் ஒரு ரயிலில் நான்கே அறை, எல்லாம் கீழ்த் தளம். சிங்கிள் ட்வின் என்பது மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில், எட்டு அறை, ஒருவராகவும் போகலாம்.

சொகுசு என்று சொல்லத் தகுந்தது சிங்கிள் டீலக்ஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதுவும் ஒருவர் அறைதான். ஒரு ரயிலில் ஆறே அறை, 4ஆம் பெட்டியிலும் 11ஆம் பெட்டியிலும் மேல் தளம். எழுதும் மேசை, நாற்காலி, கை கழுவும் தொட்டி, அகலமான கட்டில், சோப்பு சீப்பு வைத்த ஒரு பை, இந்த வகுப்புக்கென்றே தனிக் குளியலறை, அதற்கான கார்டும் அறையோடு சேர்த்து வந்துவிடும். விலை கூடுதல்தான், ஆனால் வாழ்க்கையில் ஒரு முறைதான் போகப் போகிறோம் என்றால் நான் இதையே முயற்சி செய்யச் சொல்வேன்.

கடைசியாக நோபி நோபி. இது படுக்கையாகவே கணக்கில் வராது, விரிப்பு போட்ட தரையில் படுக்கும் இருக்கை. தலைப் பக்கம் மட்டும் ஒரு தடுப்பு, மெல்லிய போர்வை. 28 இடம், மேல் கீழ் இரண்டு அடுக்கு. தரை கெட்டியாகத்தான் இருக்கும். முதுகு வலி உள்ளவர்கள் யோசியுங்கள். இளைஞர்களுக்கு நல்ல பேரம்.

சில அறைகள் புகைபிடிப்போருக்கானவை. வேண்டாதவர்கள் "கின்-என்" என்று சொல்லிக் கேளுங்கள். இஸுமோவுக்குப் போகிறவர்கள் முடிந்தால் போகும் திசையில் வலது பக்க அறையைக் கேட்டுப் பாருங்கள், காலையில் தைசென் மலையும் ஷின்ஜி ஏரியும் அந்தப் பக்கம்தான்.

படி 3: பணக் கணக்கு

கட்டணம் மூன்று துண்டு: அடிப்படைப் பயணக் கட்டணம், விரைவு ரயில் கட்டணம், படுக்கைக் கட்டணம். டோக்கியோ - இஸுமோஷி அடிப்படைக் கட்டணம் சுமார் 12 ஆயிரம் யென், விரைவுக் கட்டணம் 3,300. படுக்கைக்கு சோலோ 6,600, சிங்கிள் 7,700, சிங்கிள் ட்வின் 9,600, சிங்கிள் டீலக்ஸ் 13,980. ஆக சிங்கிளில் போனால் ஏறத்தாழ 23 ஆயிரம், டீலக்ஸ் என்றால் 30 ஆயிரத்தை ஒட்டி. நோபி நோபிக்குப் படுக்கைக் கட்டணமே கிடையாது, 530 யென் முன்பதிவுக் கட்டணம்தான், மொத்தம் 16 ஆயிரம் பக்கம் முடிந்துவிடும். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், போகிற மாதம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் ஒரு இரவு ஓட்டல் வாடகையையும் பகல் ஷின்கான்சென் டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்தால் சிங்கிள் அறை ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பாஸில் நோபி நோபி இலவசம், இடம் மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். அறை வேண்டுமானால் அடிப்படைக் கட்டணம் மட்டும் பாஸில் அடங்கும், விரைவுக் கட்டணமும் படுக்கைக் கட்டணமும் கையிலிருந்து. 2023 அக்டோபரிலிருந்து ஏழு நாள் பாஸே 50 ஆயிரம் யென் ஆகிவிட்டது, அதனால் இந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் வாங்காதீர்கள்.

படி 4: பத்து மணி

இதுதான் மொத்தப் பயணத்தின் உயிர்நாடி. டிக்கெட் விற்பனை, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அதே தேதியில், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். இந்தியாவில் அப்போது காலை 6.30. முந்தைய மாதத்தில் அந்தத் தேதியே இல்லையென்றால், உதாரணமாக மே 31 இரவு பயணம், ஏப்ரலில் 31 கிடையாது, அப்போது மே 1ஆம் தேதி திறக்கும். டீலக்ஸும் ட்வினும் பல நாட்களில் நிமிடக் கணக்கில் காலியாகிவிடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இணையம். ஜே.ஆர். மேற்கு என்ற ரயில்வே நிறுவனத்தின் ஈ5489 (e5489) தளத்தில் ஜப்பானிய மொழிப் பக்கத்தில் சன்ரைஸ் கிடைக்கும். கணக்கை ஒரு வாரம் முன்பே திறந்து, கடன் அட்டையைச் சேர்த்து, வேறு ஒரு நாளுக்குத் தேடிப் பார்த்துப் பழகிவிடுங்கள், எந்தப் பொத்தான் எங்கே என்று பத்து மணிக்குத் தேடிக்கொண்டிருந்தால் அறை போய்விடும். பணம் கட்டியபிறகு காகித டிக்கெட்டை நிலையத்தில் எடுத்தே ஆகவேண்டும், எல்லா நிலையத்திலும் எடுக்க முடியாது, எங்கே முடியும் என்ற பட்டியலைப் பதிவு செய்யும்போதே பார்த்து வையுங்கள். பணம் கட்டிய அதே அட்டை கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று கவுன்ட்டர். "மிதோரி நோ மடோகுச்சி" என்ற பச்சைச் சின்னம் போட்ட டிக்கெட் அலுவலகம். ஜப்பானில் இருப்பவர்களுக்கும் அங்கே நண்பர் இருப்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். இந்தப் பத்து மணி முன்பதிவுக்கென்றே "ஜூஜி-உச்சி" என்று ஒரு பெயர் உண்டு, பத்து மணித் தட்டு என்று சொல்லலாம். முன்கூட்டியே போய் தேதி, ரயில், அறை வகை, இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ஊழியர் அதை மார்ஸ் என்ற டிக்கெட் முன்பதிவுக் கணினியில் ஏற்றி வைத்துக்கொள்வார். நான் போன சின்ன நிலையத்தில் ஊழியர் 9.58க்கே எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு, ஒரு விரலை அனுப்பும் பொத்தானுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கடிகாரத்தின் நொடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டில் முள் தொட்டதும் விரல் இறங்கியது. இரண்டு நொடி அமைதி. அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டினார், 11ஆம் பெட்டி, டீலக்ஸ். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டோம். எல்லா நிலையத்திலும் இப்படி முன்கூட்டி வாங்கி வைக்கமாட்டார்கள், சில இடத்தில் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டியிருக்கும், முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த சின்ன நிலையமே நல்லது.

கிடைக்கவில்லையா? மனம் தளர வேண்டாம். ரத்துக் கட்டணம் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்புவரை 340 யென்தான், முந்தைய நாளிலிருந்து 30 சதவீதமாகக் கூடிவிடும். அதனால் சந்தேகத்தில் வாங்கி வைத்தவர்கள் இரண்டு நாள் முன்பு கொத்தாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த நாளில் காலையிலும் இரவிலும் தளத்தைத் திறந்து திறந்து பாருங்கள். என் இரண்டாவது பயணத்தின் சிங்கிள் அறை அப்படி வந்ததுதான். எதிர்த் திசையையும் பாருங்கள், டோக்கியோவிலிருந்து போவதைவிட டோக்கியோவுக்கு வருவது சில நாள் எளிதாகக் கிடைக்கும்.

படி 5: ஏறுவதற்கு முன்

ரயிலில் சாப்பாடு கிடையாது. சாப்பாட்டுப் பெட்டி இல்லை, தள்ளுவண்டி இல்லை, பானங்கள் விற்கும் இயந்திரம் மட்டும்தான். இதைத் தெரியாமல் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், காலை பத்து மணிவரை பசியோடு கிடக்க வேண்டியதாகிவிடும். இரவுக்கும் காலைக்கும் சேர்த்து வாங்குங்கள். டோக்கியோ நிலையத்தில் டிக்கெட் வாயிலுக்கு உள்ளே எக்கிபென்-யா மட்சுரி என்ற கடையில் நாட்டின் எல்லா ஊர் ரயில் சாப்பாட்டுப் பொட்டலங்களும் இருக்கும், இரவு ரயில் நேரம்வரை திறந்திருக்கும், ஆனால் நல்லவை எட்டு மணிக்கே தீர்ந்துபோகும், முன்னாடியே போங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு: காய்கறி மட்டும் இருப்பதாகத் தெரியும் பொட்டலத்திலும் மீன் சாறு கலந்திருக்கும். பாதுகாப்பான வழி, உமெபோஷி என்ற உப்பிட்ட புளிப்புக் காய் வைத்த சோற்று உருண்டை, பழம், ரொட்டி, கொட்டைகள். தகமட்சுவின் புகழ்பெற்ற ஊதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் சாறும் சின்ன உலர் மீனில் காய்ச்சியதுதான், இறங்கியதும் சூடாக ஒரு கிண்ணம் என்று கனவு காணும் சைவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

பெரிய பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். நடைபாதை ஒரு ஆள் அகலம், மேல் தளத்துக்குப் படி. ஓட்டலிலிருந்து தக்யூபின் கூரியரில் அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு தோள்பையோடு ஏறுங்கள். அதில் துண்டு, பல் துலக்கும் சாமான், காதடைப்பான், 100 யென் காசுகள், ஆயிரம் யென் நோட்டு கட்டாயம்.

படி 6: டோக்கியோ நிலையம், குளியல் கார்டு

பெரும்பாலும் 9ஆம் பிளாட்பாரம், பலகையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 9.25 வாக்கில் ரயில் வந்து நிற்கும். 1 முதல் 7 வரை செட்டோ, 8 முதல் 14 வரை இஸுமோ. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது, ஆனால் காலையில் உடையும் ரயில், உங்கள் பாதியிலேயே தூங்குங்கள்.

ஏறியதும் அறைக்குப் போகாதீர்கள். நேராக 3ஆம் பெட்டிக்கு, இஸுமோ என்றால் 10ஆம் பெட்டிக்குப் போங்கள். அங்கே ஒரு இயந்திரம் குளியல் கார்டு விற்கும், 330 யென். எண்ணி வைத்த கார்டுகள்தான், தீர்ந்தால் தீர்ந்தது. முதல் தடவை நான் அறையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு யோகோஹாமா தாண்டிப் போனேன், விற்றுத் தீர்ந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோடைக்காலம் வேறு. அடுத்த முறை பிளாட்பாரத்திலேயே 10ஆம் பெட்டிக் கதவு வரும் இடத்தில் நின்றேன், எனக்கு முன்னால் ஏழு பேர், எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது.

கார்டுக்கு ஆறு நிமிடம் தண்ணீர். ஆறு நிமிடமா என்று பயப்பட வேண்டாம், நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் நேரமும் நின்றுவிடும், சுவரில் மீதி நேரம் எண்ணாகத் தெரியும். நனைத்து நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி திறந்தால் இரண்டு நிமிடம் மிச்சம்கூட இருக்கும். தலைக்கும் உடம்புக்கும் திரவச் சோப்பு உள்ளே உண்டு, துண்டு கிடையாது. வளைவில் ரயில் சாயும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் தலையில் வெந்நீர் விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள், அந்த 330 யென்னுக்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

படி 7: இரவு

டிக்கெட் பரிசோதகர் வந்து போகும்வரை விழித்திருங்கள். பிறகு எண் பூட்டைப் போட்டுக்கொண்டு, அறையில் மடித்து வைத்திருக்கும் இரவு உடையை மாற்றிக்கொண்டு, விளக்கை அணையுங்கள். முதல் ஒரு மணி நேரம் அணைக்கத்தான் வேண்டும், அப்போதுதான் வெளியே தெரியும். யோகோஹாமா, பிறகு அட்டாமி அருகே மலைச் சரிவில் ஓட்டல் விளக்குகள், நடு இரவில் ஆளில்லாத ஷிஸுவோகா. நள்ளிரவுக்குப்பின் அறிவிப்புகளை நிறுத்திவிடுவார்கள். இந்தத் திசையில் ஒசாகாவில் பயணிகளுக்கு நிற்காது, அதிகாலை 5.25 வாக்கில் ஹிமேஜிதான். குறுகலான தண்டவாளம், ஆட்டம் உண்டு, தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

படி 8: ஒகயாமாவும் அதற்கப்புறமும்

6.10க்கு அலாரம் வையுங்கள். 6.27க்கு ஒகயாமாவில் நின்றதும் 7ஆம் பெட்டிக்கும் 8ஆம் பெட்டிக்கும் நடுவே ஒரு சின்னக் கூட்டம் கூடும், இரவு உடையோடேகூட வந்து நிற்பார்கள். இணைப்பு வழியை மூடி, கொக்கியைக் கழற்றி, 6.31க்கு செட்டோ மெல்ல நகரும். இடைவெளி அகலமாகி, இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி பிரியும். செட்டோ பயணிகள் நான்கு நிமிடம்தான் என்பதை மறக்காமல் முன்னதாகவே ஏறிவிடுங்கள். இஸுமோ 6.34க்கு.

இஸுமோ குராஷிக்கியில் வடக்கே திரும்பி ஹக்குபி பாதையில் நுழைகிறது. தக்காஹாஷி ஆற்றை ஒட்டி, பல இடத்தில் ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரயிலுக்காகக் காத்து நின்று போகும். பனி ஆற்றின் மேல் படுத்திருக்கும். செம்பழுப்பு ஓடு வேய்ந்த வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன வயல். நேற்று வாங்கிய சோற்று உருண்டையைப் பிரிக்க இதுதான் நேரம். யோனாகோ நெருங்கும்போது வானம் தெளிவாக இருந்தால் வலது பக்கம் 1,729 மீட்டர் தைசென் தனியாக நிற்கும். மட்சுவே தாண்டினால் ஷின்ஜி ஏரி, ரயில் தென்கரையை ஒட்டி ஓடும், காலையில் ஷிஜிமி சிப்பி வாரும் சின்னப் படகுகள் நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் அறை இடது பக்கமாக இருந்தால் 10ஆம் பெட்டியின் சின்ன ஓய்வு மூலையில் போய் உட்காருங்கள்.

தாமதமானால் என்ன செய்வது? புயல், கனமழை, பனி நாட்களில் இது தாமதமாகும், சில நாள் ரத்தே ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விரைவு ரயில் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும், இறங்கும் நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள், வாயிலில் போட்டுவிடாதீர்கள். அன்றே விமானம் பிடிக்கும் திட்டத்தோடு இந்த ரயிலில் ஏறாதீர்கள்.

இஸுமோஷியில் இறங்கினால் பெரிய கோயிலான இஸுமோ தைஷாவுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். பையை நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். மற்ற ஷிந்தோ கோயில்களில் இரண்டு முறை கைதட்டி வணங்குவார்கள், இங்கே நான்கு முறை.

திரும்பி வருவதும் இதே ரயிலில் என்றால், இஸுமோஷியில் மாலை ஏழுக்குச் சற்று முன்பும், தகமட்சுவில் இரவு 9.26க்கும் கிளம்பும். ஒகயாமாவில் இரண்டும் மறுபடி இணையும். இந்தத் திசையில் ஒசாகாவில் நள்ளிரவு தாண்டி 12.30 வாக்கில் நிற்கும், ஒசாகாவில் கடைசிவரை சுற்றிவிட்டு அங்கே ஏறிக்கொள்ளலாம். கோடையில் விடிகாலை ஐந்து மணியை ஒட்டி எழுந்துவிடுங்கள், ஷிஸுவோகா தாண்டியதும் இடது பக்கம் ஃபூஜி தெரியும், அட்டாமிக்கு அப்புறம் வலது பக்கம் கடல். 7.08க்கு டோக்கியோ.